உக்ரைன் போருக்கு அபராதம்... கட்டியது சானடோரியம் தொழிலாளி!



2025 ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி. தாம்பரம் மார்க்கெட்டில் அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் வித்துக்கிட்டிருந்த நேரம். வீடுகளில் கொழுக்கட்டை வெந்துக்கிட்டிருந்த நேரம். நம்ம கடிகாரத்தில் காலை 9.31. வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம்.

அந்த நிமிடத்திலிருந்து அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் இந்தியச் சரக்குக்கு இன்னொரு 25 சதவீத வரி ஏறியது. ஏற்கெனவே ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் போட்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து 50. முதல் 25-க்கு அவர்கள் சொன்ன காரணம் வர்த்தகம். இரண்டாவது 25-க்குச் சொன்ன காரணம்: இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறது, அந்தப் பணத்தில் ரஷ்யா உக்ரைனில் போர் நடத்துகிறது. ஆக இது வரி இல்லை, அபராதம். அவர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

சரி, அபராதம் யாருக்கு? எண்ணெய் வாங்கினவங்களுக்கா?

இல்லை. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி, டிபன் டப்பாவோடு மெப்ஸ் கேட்டுக்குள் நுழைகிற டெய்லர் அக்காவுக்கு. நாகல்கேணியில் தோல் ஷாப்பில் நிற்கிற அண்ணனுக்கு. இவங்க யாரும் ஒரு பீப்பாய் ரஷ்ய எண்ணெயைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். போனஸ் பற்றியும் கடைசியில் எழுதியிருக்கோம், அதனால் முழுசாப் படிங்க.

போர் தொடங்கியது 2022 பிப்ரவரி 24. அன்றைக்கு இது எங்கோ நடக்கிற சண்டை என்று நினைத்தோம். ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வந்தது. கார்கிவ் நகரத்து மெட்ரோ சுரங்கத்தில் பதுங்கிய மருத்துவ மாணவர்களின் பெற்றோர் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தார்கள். மார்ச் 1 அன்று அங்கே கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். அடுத்து அடுப்படிக்கு வந்தது. இந்தியா இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. மளிகைக் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட்டின் விலை அந்த மாதம் எப்படி எகிறியது என்று உங்களுக்கே நினைவிருக்கும். சென்னையில் அப்போது 915 ரூபாய் 50 காசாக இருந்த வீட்டு சிலிண்டர், ஜூலைக்குள் 1,068 ரூபாய் 50 காசு.

2025, போரின் நான்காவது ஆண்டு. போர் வேலையைத் தேடி வந்தது.

ஒரு சட்டையை வைத்தே கணக்குப் பார்ப்போம். அமெரிக்காவுக்குப் போகும் பருத்தி டி-சர்ட், விலை 10 டாலர் என்று வையுங்கள். அதற்கு வழக்கமான வரி 16.5 சதவீதம், எல்லா நாட்டுக்கும் பொதுவானது. அதன் மேல் 2025 ஆகஸ்டில் நமக்கு 50. மொத்தம் 66.5. அதாவது 10 டாலர் சட்டைக்கு 6 டாலர் 65 சென்ட் வரி. அதே சட்டை வியட்நாமிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ போனால் அப்போது கூடுதல் வரி 20 சதவீதம்தான், மொத்தம் 3 டாலர் 65 சென்ட். வித்தியாசம் 3 டாலர். பத்து டாலர் சட்டையில் மூன்று டாலர் லாபம் பார்க்கிற ஏற்றுமதியாளர் யாராவது இருந்தா சொல்லுங்க, நாமும் தெரிஞ்சுக்கலாம்.

இப்போ அந்த ரஷ்ய எண்ணெய் அபராதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்க. 16.5-ம் 25-ம் சேர்த்து 4 டாலர் 15 சென்ட். வியட்நாமோடு வித்தியாசம் வெறும் 50 சென்ட். அதை மல்லுக்கட்டி சமாளிக்கலாம். தரத்தைக் காட்டலாம், சொன்ன தேதிக்குச் சரக்கை அனுப்பிக் காட்டலாம். ஆக நம்ம சட்டையை மார்க்கெட்டை விட்டே தள்ளிய அந்த 3 டாலரில் இரண்டரை டாலர் போரின் பெயரால் வந்தது.

காகிதத்தில் இந்த வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அவர் என்ன செய்வார்? "விலையைக் குறை, இல்லேன்னா ஆர்டரை நிறுத்தி வை" என்பார். இங்கே முதலாளி முதலில் ஓ.டி.யை நிறுத்துவார். அப்புறம் கான்ட்ராக்ட் ஆட்களை "கொஞ்ச நாள் கழிச்சு வாங்க" என்பார். அப்புறம் ஒரு லைனை மூடுவார். எட்டு மணி நேரச் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் போயிடும். பிள்ளை ஃபீஸும் சீட்டுப் பணமும் நகைக்கடன் வட்டியும் ஓடுவது ஓ.டி. காசில்தான். ஓ.டி. போச்சுன்னா "வேலை போகலையே" என்று ஆறுதல் சொல்லலாம். வேலை பார்த்துக்கிட்டே கடன்காரர் ஆகிற நிலைமை அது.

பெருங்களத்தூர், முடிச்சூர், பம்மல் பக்கம் ஒரு ரூமில் நாலு பேர் தங்கி வேலைக்குப் போகிறவர்களை நமக்குத் தெரியும். வட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். அவங்க ஊருக்குப் போயிட்டா மெஸ் நடத்துகிற அம்மாவுக்கும், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தம்பிக்கும், வீட்டை வாடகைக்கு விட்டு அதில் மருந்து வாங்குகிற பெரியவருக்கும் அடி.

இது மெப்ஸோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1984-ல் ஏற்றுமதிக்கென்றே தாம்பரத்தில் தொடங்கிய வளாகம் அது. அதற்கு எழுபது வருஷம் முன்பே இந்தப் பகுதி வெளிநாட்டு வியாபாரத்தில் இருக்கிறது. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணி பக்கம் தோல் ஷாப்புகள் தலைமுறை தலைமுறையாக இருக்கு. அந்த ஷாப்புகள் நிலத்தடி நீரை என்ன பாடுபடுத்தின என்பது தனிக் கதை, அதையும் ஒரு நாள் எழுதுவோம். இந்தியாவின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் தமிழ்நாட்டுடையது. தோலுக்கும் காலணிக்கும் அமெரிக்கா பெரிய சந்தை.

2025 ஆகஸ்ட் மாதம் முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. இந்தியாவின் மொத்தச் சரக்கு ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்குப் போகிறது. தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம். அதாவது நாட்டுக்கு ஒரு அடி விழுந்தா நமக்கு ஒன்றரை அடி.

இதில் இன்னொன்றையும் கவனிங்க. ஸ்மார்ட்போனுக்கு இந்த வரி போடல. மருந்துக்கும் போடல. தாம்பரத்திலிருந்து மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற போன் அந்த வரியில்லாமல் அமெரிக்கா போனது. சானடோரியத்தில் தைத்த சட்டை அப்படிப் போகல. அவங்களுக்கு எது அவசரத் தேவையோ அதை விட்டுட்டாங்க, எதை வேற நாட்டில் வாங்கிக்கலாமோ அதன் மேல் போட்டிருக்காங்க. "போரை நிறுத்த" போட்ட வரியின் லட்சணம் இது.

ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகமாக வாங்கிய சீனாவுக்கு இந்த அபராதம் போடல. துருக்கிக்கும் போடல. ஐரோப்பிய நாடுகள் 2025-லும் ரஷ்யாவிலிருந்து திரவ எரிவாயு இறக்கின. அமெரிக்காவே தன் அணு உலைகளுக்கு ரஷ்ய யுரேனியம் வாங்குவதை நம்ம வெளியுறவு அமைச்சகம் ஆகஸ்ட் 4 அறிக்கையில் சொல்லிக் காட்டியது. இவ்வளவுக்கும் பிறகு டிரம்பின் வர்த்தக ஆலோசகர் பீட்டர் நவாரோ உக்ரைன் போரை "மோடியின் போர்" என்று பேட்டி கொடுத்தார். மோடி மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனா இது அப்பட்டமான அடாவடி. எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே எண்ணெய் வாங்குவது இந்த நாட்டின் உரிமை. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

நம்ம கேள்வி டெல்லியைப் பார்த்து. அந்த மலிவு எண்ணெயின் லாபம் எங்கே போச்சு?

போருக்கு முன் நம்ம எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 2025-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த மூன்று வருஷமும் தள்ளுபடி விலையில் வாங்கினோம். போர் தொடங்கிய அன்று சென்னையில் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் 40 காசு. 2025-லும் பங்கில் அதே 101-ஐ ஒட்டித்தான் நின்றது. இடையில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 120 டாலரைத் தாண்டி ஏறி, 2025-ல் 65 டாலர் பக்கம் இறங்கிவிட்டது. ஏறும்போது நமக்கும் ஏறியது. 2022 ஏப்ரலில் 110 ரூபாய் 85 காசு கொடுத்துப் போட்டோம். இறங்கும்போது மட்டும் நமக்கு இறங்கல.

நியாயமாச் சொல்லணும்னா, 2022 மே மாதம் கலால் வரியில் 8 ரூபாய் குறைத்தார்கள், 2024 தேர்தலுக்கு முன் 2 ரூபாய் குறைத்தார்கள். ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்காமல் போயிருந்தால் உலக விலை இன்னும் ஏறியிருக்கும் என்கிற வாதத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கு. இருக்கட்டும். ஆனா 2023-24 ஒரே ஆண்டில் அரசின் மூன்று எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து சம்பாதித்த லாபம் 80,000 கோடி ரூபாய்க்கு மேல். தனியாரில் ரஷ்ய எண்ணெயை அதிகம் வாங்கியது ரிலையன்ஸ். அடுத்து ரஷ்யாவின் ராஸ்நெப்ட் பெரும் பங்கு வைத்திருக்கிற நயாரா. இவங்க சுத்திகரித்த டீசலையும் பெட்ரோலையும் வெளிநாட்டுக்கும் விற்றாங்க. அந்தக் கொழுத்த லாபத்தின் மேல் 2022 ஜூலையில் ஒன்றிய அரசே ஒரு சிறப்பு வரி போட்டது. 2024 டிசம்பரில் அதே அரசே அதை எடுத்துவிட்டது.

எண்ணெயில் வந்த லாபம் ஒரு பாக்கெட்டுக்குப் போச்சு. அந்த எண்ணெய்க்கு வந்த அபராதம் வேற பாக்கெட்டிலிருந்து போச்சு. ஜாம்நகரில் விருந்து, சானடோரியத்தில் பில்.

சரி, அடி விழுந்த பிறகு ஒன்றிய அரசு என்ன செய்தது? பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 டிசம்பர் கடைசி வரை நீக்கியது. மில்லுக்கு உதவும், பருத்தி விவசாயிக்கு வயிற்றில் அடி. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியைக் குறைத்தார்கள், 2,500 ரூபாய் வரையிலான துணிக்கும் செருப்புக்கும் 5 சதவீதம். நல்லதுதான். ஆனா மெப்ஸ் சட்டை ஜிஎஸ்டி ரோட்டில் விற்கிற சட்டை இல்லையே, அமெரிக்கா போகிற சட்டை. ஏற்றுமதியாளர்களின் கடனுக்கு இருந்த வட்டிச் சலுகைத் திட்டம் 2024 டிசம்பரோடு முடிந்தது, நீட்டிக்கல. உதவித் திட்டம் வருது வருதுன்னு ரெண்டு மாசமாச் சொன்னாங்க.

"கொஞ்ச நாள் பொறுங்க, பேச்சுவார்த்தை நடக்குது, வரி குறைஞ்சிடும்" என்று சொன்னவர்களுக்கு அனகாபுத்தூரைக் காட்டணும். மெப்ஸிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. ஒரு காலத்தில் அங்கே தெருவெல்லாம் தறிச் சத்தம். மெட்ராஸ் கைக்குட்டை என்று உலகம் அழைத்த கட்டம்போட்ட துணியை நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே கல்யாணத்துக்கும் சாவுக்கும் நம்ம ஊர்த் துணி. நைஜீரியா அந்த இறக்குமதியை நிறுத்தியது. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. நெசவாளர் பிள்ளைகள் வேற வேலைக்குப் போனார்கள். அந்தச் சந்தை திரும்ப வரவே இல்லை. இன்றைக்கு மிச்சமிருக்கிற சில குடும்பங்கள் வாழைநாரிலும் மற்ற நார்களிலும் புடவை நெய்து அந்தக் கலையைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவர்கள் திறமையைப் பாராட்டிப் படம் போட்டு எழுதுகிறோம், ஆனா போன தறிகள் போனதுதான். வாங்குகிறவர் ஒரு முறை வியட்நாமுக்குப் போய்ப் பழகிவிட்டால், வரி குறைந்தாலும் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது?

(ஒரு சின்ன நினைவு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு போட்டப்போ எரிந்தது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். ஊரே பயந்து ஓடியது, "எம்டன்" என்ற சொல் நம்ம பேச்சில் தங்கிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்தும் ஐரோப்பாவில் நடக்கிற சண்டை எண்ணெய் வழியாகத்தான் நம்ம ஊருக்குள் வருது.)

போர் நிற்க வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் தினமும் சாகிறார்கள். படிப்பு, வேலை என்று ரஷ்யாவுக்குப் போன இந்திய இளைஞர்கள் சிலர் ராணுவ உடை மாட்டப்பட்டு முன்வரிசைக்கு அனுப்பப்பட்டு இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவுக்கு முன்னால் நம்ம ஓ.டி. காசு பெரிசில்லை. ஆனா தொழிலாளியின் அடுப்பை அணைத்துப் போரை நிறுத்தலாம் என்பதை எந்த ஊர் நியாயத்திலும் ஏற்க முடியாது.

நாம் கேட்பது இதுதான். எண்ணெய் நிறுவனங்களின் அதிக லாபத்தின் மேல் இருந்த சிறப்பு வரியை ஒன்றிய அரசு திரும்பக் கொண்டுவரட்டும். அந்தப் பணத்தை வரியால் அடிபட்ட ஆலைகளின் தொழிலாளர் சம்பளத்துக்குக் கொடுக்கட்டும். நேரா தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு, முதலாளி கை வழியாக வேண்டாம். சிறு ஏற்றுமதியாளர்களுக்குக் கடன் தவணையைத் தள்ளி வையுங்க, வட்டிச் சலுகையைத் திரும்பக் கொடுங்க, மெப்ஸ் ஒன்றிய வர்த்தக அமைச்சகத்தின் கீழே இருக்கிற வளாகம், அங்கே வாடகையைக் குறைங்க. ஆனா ஒரு நிபந்தனையோடு: சலுகை வாங்குகிற ஆலை ஆளைக் குறைக்கக் கூடாது. மாநில அரசும் கடிதத்தோடு நிற்காமல் தொழிலாளர் துறை ஆய்வாளர்களைத் தீபாவளிக்கு முன் ஆலைகளுக்கு அனுப்ப வேண்டும்.

எதற்கு தீபாவளிக்கு முன்? போனஸுக்காக.

"இந்த வருஷம் டிரம்ப் வரி போட்டுட்டான், போனஸ் கிடையாது" என்று உங்க ஆலையில் பேச்சு கிளம்பினால் நம்பாதீங்க. 2025 தீபாவளிக்கான போனஸ் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான கணக்கு ஆண்டுக்கானது. வரி வந்தது ஆகஸ்டில். அந்த ஆண்டில் நீங்க உழைத்ததுக்கும் ஆகஸ்ட் வரிக்கும் சம்பந்தமே இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவர், அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸுக்குத் தகுதி இருந்தது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். ஆலை நஷ்டத்தில் ஓடினாலும் அதைத் தரணும். புதிதாகத் தொடங்கி ஐந்து வருஷம் ஆகாத ஆலைக்கு மட்டும் விதி வேற. நீங்க கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவர் என்றால் கான்ட்ராக்டரிடம் கேளுங்க, அவர் கையை விரித்தால் சங்கத்திடம் வாங்க.

"வேலை இல்லை, கூப்பிடும்போது வா" என்று வீட்டில் உட்கார வைத்தால் அது லே-ஆஃப். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலையில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி தரணும் என்று 2025 வரை நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டம் சொன்னது. வெறுங்கையோடு அனுப்ப முடியாது.

வேலையே போனவங்களுக்கு இஎஸ்ஐயில் ஒரு திட்டம் இருக்கு, நம்ம ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. பெயர் வாயில் நுழையாது, பணம் கைக்கு வரும். இரண்டு வருஷம் இஎஸ்ஐயில் இருந்து, வேலை போவதற்கு முந்தைய அரையாண்டுக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், சராசரி தினக் கூலியில் பாதி, 90 நாள் வரை கிடைக்கும். வாழ்நாளில் ஒரு முறைதான். நீங்களா வேலையை விட்டாலோ, ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றினாலோ கிடைக்காது. அதனாலதான் சொல்றோம்: "நானே விலகுகிறேன்" என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீங்க. எவ்வளவு நல்லாப் பேசினாலும் போடாதீங்க. வெள்ளைத் தாளிலும் போடாதீங்க.

சம்பள ரசீதைத் தூக்கிப் போடாதீங்க, போனில் படம் எடுத்து வைங்க. இஎஸ்ஐ எண்ணும் பிஎஃப் எண்ணும் உங்க கையில் இருக்கான்னு இன்றைக்கே பாருங்க. ஓ.டி. நின்ற தேதி, உட்கார வைத்த தேதி எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைங்க. மெப்ஸ், நாகல்கேணி, பம்மல், பல்லாவரம் பக்கம் வேலை பார்க்கிற தோழர்கள் உங்க ஆலையில் என்ன நடக்குதுன்னு இன்பாக்ஸில் எழுதுங்க. எந்த லைன், எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து என்று சொன்னாலே போதும். கமெண்டில் ஆலை பெயரையோ உங்க பெயரையோ போட வேண்டாம், சூப்பர்வைசரும் இந்தப் பக்கத்தைப் பார்ப்பாரு.